வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் சாம்பியன்களை மோதவிட்டு வாதாடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஹெவிவெயிட் எனும் கனமான எடைப் பிரிவின் குத்துச்சண்டைச் சாம்பியன்கள் முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்? இந்தக் கேள்வியை யாராவது எடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் குரல் உயரும், அரை மணியில் பேச்சு முறியும். பல வருடங்களாக இந்த வாதத்தில் உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். யார் ஜெயிப்பார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார்கள், காரணத்தை அப்புறம் தேடுகிறார்கள்.

இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசைதான் முக்கியம். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அடுத்த படியில் கால் நிற்காது. அலி–டைசன் சண்டையையே உதாரணமாக எடுத்துக் கடைசிவரை கொண்டுபோகிறேன். மற்ற சாம்பியன்கள் தேவைப்படும் இடத்தில் வருவார்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். வாயால் மட்டும் வாதாடினால் ஆரம்பத்தில் ஒப்புக்கொண்டதை முடிவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு பேருக்கும் தலா நான்கு முழுச் சண்டைகளின் வீடியோ வேண்டும். முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை இருக்க வேண்டும். தொகுப்பு வீடியோக்களை ஒதுக்கிவிடுங்கள், ஏன் என்று 5-ம் படியில் சொல்கிறேன்.

இருவரின் சண்டைப் பட்டியலும் வேண்டும். தேதி, எதிராளி, அன்றைய எடை, எத்தனை ரவுண்டு, எப்படி முடிந்தது. இதோடு, உங்கள் கருத்துக்கு நேர் எதிராகப் பேசும் ஓர் ஆளும் வேண்டும். ஒரே கட்சிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து பேசினால் அது வாதமே இல்லை.

1. பெயரை எழுதாதீர்கள், தேதியை எழுதுங்கள்

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் உண்டு. 1980-ல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியும் ஜிம்மி எல்லிஸும் காட்சிச் சண்டை போட்டதை நேரில் பார்த்தவர். வாதம் தொடங்கினாலே, "நான் அலியைக் கண்ணால பார்த்தவன்" என்பார். ஒருநாள் இளைஞன் ஒருவன் மெதுவாகக் கேட்டான், "எந்த அலிண்ணே?" அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "முப்பத்தெட்டு வயசு அலி" என்றார். அன்று முதல் எங்கள் வாதங்களின் தரம் மாறிப்போனது.

அதே 1980 அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் அலி வாங்கிய அடியைத் தாங்க முடியாமல், 10 ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்தினார். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை 3 ரவுண்டில் முடித்தவரும் அதே அலிதான். பெயர் ஒன்று, குத்துச்சண்டைக்காரர்கள் இரண்டு பேர்.

அதனால் நோட்டில் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "அலி, நவம்பர் 1966, வயது 24. டைசன், ஜூன் 1988, வயது 21." 1967 மார்ச்சுக்குப் பிறகு, ராணுவத்தில் சேர மறுத்ததால் அலி மூன்றரை வருடம் வளையத்துக்கு வெளியே இருந்தார். திரும்பி வந்தபோது கால் வேகம் பழையபடி இல்லை. டைசன் பக்கத்தில், 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்ஸை 91 வினாடியில் முடித்த கொஞ்ச நாளிலேயே பயிற்சியாளர் கெவின் ரூனி போய்விட்டார். அதன் பிறகு தலையசைவும் குறைந்தது, குத்துகளைக் கோத்து அடிப்பதும் குறைந்தது. இரண்டு தேதிகளும் இருவரின் உச்சத்தில் விழுவது இதனால்தான்.

வழக்கமாக நடக்கும் பிழை: ஒருவருக்கு உச்ச காலத்தையும் மற்றவருக்குச் சரிவுக் காலத்தையும் அறியாமலே எடுத்துக்கொள்வது. "டைசனை பஸ்டர் டக்ளஸே படுக்கவைத்தார்" என்று யாராவது சொன்னால், அது 1990 பிப்ரவரி டோக்கியோ என்று எழுதி, வேறு பக்கத்தில் வையுங்கள். குப்பையில் போட வேண்டாம், அதற்கும் ஓர் உபயோகம் 6-ம் படியில் வரும்.

2. எந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்று ஒப்பந்தம் போடுங்கள்

மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அப்போதே தீர்ந்துவிடும்.

முதலாவது: அன்று இருந்த உடலோடும் பயிற்சியோடும் அவரை அப்படியே தூக்கி இங்கே கொண்டுவந்து நிறுத்துவது. இரண்டாவது: அவர் இந்தக் காலத்தில் பிறந்து, இன்றைய சாப்பாடு, இன்றைய மருத்துவம், இன்றைய பயிற்சியோடு வளர்ந்திருந்தால் என்று கேட்பது. மூன்றாவது: யார் பெரிய சாம்பியன் என்பது. மூன்றாவதற்கும் நேருக்கு நேர் மோதலுக்கும் சம்பந்தமே இல்லை. ஜோ லூயிஸ் 1937 முதல் 1949 வரை சாம்பியனாக இருந்து 25 முறை பட்டத்தைக் காத்தார். அவர் பெரிய சாம்பியன் என்பதற்கு அது சான்று. பிற்காலத்து உயரமான சாம்பியன் லென்னாக்ஸ் லூயிஸின் ஜாபை (முன்னால் இருக்கும் கையால் நேராக நீட்டும் குத்து) அவர் எப்படித் தாண்டி உள்ளே போவார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

நான் எப்போதும் முதல் கேள்வியையே எடுப்பேன். இரண்டாவதில் நம் கற்பனைக்குக் கடிவாளம் இல்லை. 1950-களின் சாம்பியன் ராக்கி மார்சியானோவுக்கு இன்று 20 கிலோ கூடியிருக்கும் என்று ஒருவர் சொன்னால், கூடியிருக்காது என்று எதைக் காட்டி மறுப்பீர்கள்?

3. விதிகளை எழுதி நடுவில் வையுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ, முடிவை அதிகம் மாற்றும் படி இதுதான் என்று தோன்றுகிறது.

ரவுண்டு எண்ணிக்கையில் தொடங்குங்கள். 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் இறந்ததைத் தொடர்ந்து, பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12-க்குக் குறைந்தன. எல்லா அமைப்புகளும் மாறி முடிக்க 1980-களின் இறுதி ஆகிவிட்டது. இந்த மூன்று ரவுண்டு வரலாற்றில் என்ன செய்திருக்கிறது என்று பாருங்கள்.

1941 ஜூனில் ஜோ லூயிஸும் பில்லி கானும் மோதினார்கள். 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று மதிப்பெண் தாள்களில் இரண்டில் கான் முன்னணி, ஒன்றில் சமம். 13-வது ரவுண்டு முடிய இரண்டு வினாடி இருக்கும்போது கான் விழுந்தார். 1952 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் வால்காட்டும் மார்சியானோவும். 12 ரவுண்டு முடிவில் மூன்று தாள்களிலும் வால்காட் முன்னணி. 13-வதில் மார்சியானோவின் ஒரே வலக்கைக் குத்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. 12 ரவுண்டோடு மணி அடித்திருந்தால், இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் மார்சியானோவின் 49–0 (49 வெற்றி, தோல்வியே இல்லை) என்ற கணக்கே இருந்திருக்காது.

ஆனால் 12-வது ரவுண்டில் கத்தரித்துவிட்டு "கான் ஜெயித்திருப்பார்" என்று அடித்துச் சொல்வதும் பிழை. 15 ரவுண்டு என்று தெரிந்து ஓடுகிறவனின் மூச்சுக் கணக்கு வேறு, 12 என்று தெரிந்து ஓடுகிறவனுடையது வேறு. லூயிஸும் 12-க்குள் முடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் முன்பே முடுக்கியிருப்பார். எத்தனை ரவுண்டு என்பதை எழுதிவிட்டு, இருவரும் அதற்கேற்ப ஆடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, விழுந்தவனை என்ன செய்யலாம் என்ற விதி. 1919-ல் டொலிடோவில் ஜாக் டெம்ப்ஸி, அன்றைய சாம்பியன் ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். வில்லார்ட் எழுந்திருக்கும்போதெல்லாம் டெம்ப்ஸி பக்கத்திலேயே நின்று, முட்டி தரையை விட்டதும் அடித்தார். அன்று அதற்குத் தடை இல்லை. 1927-ல் சிகாகோவில் டெம்ப்ஸி ஜீன் டன்னியோடு மோதியபோது, வீழ்த்தியவர் நடுநிலை மூலைக்குப் போக வேண்டும் என்ற விதி இருந்தது. டெம்ப்ஸி உடனே போகவில்லை, ரெஃபரி எண்ணத் தொடங்கத் தாமதித்தார். கீழே கிடந்த டன்னிக்குக் கிட்டத்தட்ட 14 வினாடி கிடைத்தது, சண்டையையும் டன்னியே ஜெயித்தார். டெம்ப்ஸியை யாரோடு மோதவிட்டாலும் எந்த வருடத்து விதி என்று கேட்காமல் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

மூன்றாவது, கட்டிப்பிடித்தல். ரெஃபரி எவ்வளவு நேரம் விடுவார்? 1974-ல் ஜோ ஃப்ரேஸியரோடு நடந்த இரண்டாவது சண்டையில் அலி அவர் கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருந்தார், ரெஃபரி பெரிதாகத் தடுக்கவில்லை. கண்டிப்பான ரெஃபரி இருந்திருந்தால் அது வேறு சண்டை. நான்காவது, வளையத்தின் அளவு. ஒரு பக்கம் 16 அடி வளையமும் 24 அடி வளையமும் ஒன்றல்ல. காலை நம்பியவனுக்கு விசாலமானது வேண்டும், நெருங்கி அடிப்பவனுக்குச் சின்னது வேண்டும்.

எங்கள் உதாரணத்துக்கு: 12 ரவுண்டு, 20 அடி வளையம், 10 அவுன்ஸ் கையுறை, கட்டிப்பிடித்தால் இரண்டு முறை எச்சரித்துவிட்டு மூன்றாவது முறை புள்ளி வெட்டும் ரெஃபரி.

4. உடலளவைப் பாருங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள்

உயரம், கைநீளம், அந்தச் சண்டை நாள் எடை. மூன்றையும் எழுதுங்கள். அலி 6 அடி 3 அங்குலம், கைநீளம் 78 அங்குலம், வில்லியம்ஸோடு மோதிய அன்று ஏறக்குறைய 213 பவுண்டு. டைசன் 5 அடி 10 அங்குலம், கைநீளம் 71, ஸ்பிங்ஸ் சண்டையில் 218 பவுண்டு. குட்டையானவர்தான் கனமானவர். இதை எழுதிப் பார்க்கும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை.

இன்று ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள க்ரூஸர்வெயிட் பிரிவின் வரம்பு 200 பவுண்டு, அதாவது 90.7 கிலோ. 187 பவுண்டு டெம்ப்ஸியும் அதே அளவான மார்சியானோவும் இன்று ஹெவிவெயிட்டே இல்லை. 1938-ல் ஷ்மெலிங்கை 124 வினாடியில் முடித்த ஜோ லூயிஸ்கூட அன்று 200-ஐத் தொடவில்லை. இதைப் பார்த்ததும் புதியவர்கள் "பழைய ஆட்கள் எல்லாம் அவுட்" என்று நோட்டை மூடிவிடுவார்கள்.

மூடாதீர்கள். 2024 டிசம்பரில் உக்ரைன் வீரர் உசிக் தன்னைவிட 55 பவுண்டு அதிகமான டைசன் ஃப்யூரியை மூன்று நடுவர்களின் தாளிலும் தோற்கடித்தார். 2009-ல் டேவிட் ஹே 7 அடி வாலுயெவைப் புள்ளியில் வென்றார். வில்லார்டுக்கும் டெம்ப்ஸிக்கும் இடையே 58 பவுண்டு வித்தியாசம். எடை தானாக ஒன்றும் செய்யாது. எடை எந்த வழியாக வேலை செய்யும் என்று கேளுங்கள்: கட்டிப்பிடித்து மேலே சாய்ந்து மூச்சை வாங்குமா? நீண்ட ஜாபால் நெருங்கவிடாமல் நிறுத்துமா? 2002-ல் மெம்ஃபிஸில் லென்னாக்ஸ் லூயிஸ் டைசனுக்கு இரண்டையும் செய்தார்.

ஒரு எச்சரிக்கை. "ஜோ லூயிஸ் கார்னெராவையும் பட்டி பேயரையும் அடித்தார், ஆகவே ராட்சதர்கள் அவருக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்வார்கள். அவர்கள் பெரிய உடல்கள், சரிதான். ஆனால் லென்னாக்ஸ் லூயிஸ், கிளிச்கோ சகோதரர்கள் போல அந்த உடலை நெறியாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் அல்ல.

5. முழுச் சண்டையையும் மூன்று முறை பாருங்கள்

ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் யாரைப் புகழ்கிறாரோ அவர் ஜெயிப்பதாகவே நம் கண்ணுக்குத் தெரியும்.

முதல் முறை கால்களை மட்டும். எந்தப் பக்கம் நகர்கிறார், கயிற்றில் முதுகு தொட்டதும் எந்தப் பக்கம் தப்பிக்கிறார். இரண்டாம் முறை முன்னால் இருக்கும் கையை மட்டும். ஜாப் போட்டுவிட்டுக் கை முகத்துக்குத் திரும்புகிறதா, இடுப்புக்குத் தொங்குகிறதா. அலியின் கை தொங்கும். குத்து வரும்போது பக்கவாட்டில் குனியாமல் தலையைப் பின்னால் இழுத்துத் தப்பிப்பார். நேராக வரும் குத்துக்கு அது போதும், வளைந்து வரும் லெஃப்ட் ஹூக்குக்குப் போதாது. 1963-ல் வெம்ப்ளியில் ஹென்றி கூப்பர் 4-வது ரவுண்டின் இறுதியில் அலியை வீழ்த்தியது எந்தக் குத்து என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். 1971 மார்ச்சில் 15-வது ரவுண்டில் ஃப்ரேஸியர் வீழ்த்தியதும் அதே குத்துதான்.

மூன்றாம் முறை வாயை மட்டும். எந்த ரவுண்டில் வாய் திறக்கிறது? மூச்சு போகத் தொடங்கும் இடம் அதுதான்.

தொகுப்பு வீடியோ ஏன் வேண்டாம் என்றால், அதில் விழுந்த கணம் மட்டும்தான் இருக்கும். டைசனின் தொகுப்பில் எல்லோரும் விழுவார்கள். 1987-ல் போன்க்ரஷர் ஸ்மித் 12 ரவுண்டும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்ற அலுப்பூட்டும் சண்டை அதில் இருக்காது. நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது. மௌனப்படக் காலத்து வீடியோக்களில் இன்னொரு சிக்கல். கையால் சுழற்றி எடுத்த படத்தை வேகம் மாற்றி ஓட்டுவதால் ஜாக் ஜான்சனும் டெம்ப்ஸியும் பொம்மைபோல் துடிப்பார்கள். வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்த்த பிறகே அவர்கள் நுட்பத்தைப் பற்றிப் பேசுங்கள்.

உச்ச இரவு என்று கொண்டாடப்படும் சண்டையிலும் ஒரு கண் வையுங்கள். வில்லியம்ஸ் சண்டை அலியின் அழகின் உச்சம் என்பார்கள், நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் வில்லியம்ஸ் 1964-ல் ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து, ஒரு சிறுநீரகத்தை இழந்து திரும்பி வந்தவர். ஸ்பிங்ஸ் லைட் ஹெவிவெயிட்டிலிருந்து எடை ஏற்றி வந்தவர். எதிராளி தளர்ந்திருந்த இரவில் யாரும் மின்னுவார்கள். தேதியை அந்த இரவில் வைத்துக்கொண்டு, சான்றை அதன் அக்கம்பக்கத்துக் கடினமான சண்டைகளிலிருந்து எடுங்கள்: அலிக்கு 1966 மார்ச்சில் சுவாலோ, 1967 பிப்ரவரியில் டெரல். இரண்டும் 15 ரவுண்டு ஓடியவை.

6. சாயல் ஆளைத் தேடுங்கள்

இதுதான் முழு வேலையின் நடுத்தூண். அலியும் டைசனும் மோதவில்லை. ஆனால் அலியின் சாயல் உள்ளவர்களோடு டைசன் மோதியிருக்கிறார், டைசனின் சாயல் உள்ளவர்களோடு அலி மோதியிருக்கிறார். அந்தச் சண்டைகளில் என்ன நடந்தது என்பதே நம்மிடம் இருக்கும் நிஜமான சான்று.

நோட்டில் இரண்டு பக்கம் திறவுங்கள். இடப்பக்கம், டைசனுக்கு எதிராக உயரமான, நகரும், ஜாப் போடும் ஆட்கள். 1986 மே மாதம் ஜேம்ஸ் டில்லிஸ்: 4-வது ரவுண்டில் விழுந்தாலும் எழுந்து, நகர்ந்து, 10 ரவுண்டும் நின்றார். நெருக்கமான சண்டை. அதே மாதம் மிட்ச் கிரீன், அவரும் 10 ரவுண்டு. 1987 ஆகஸ்டில் டோனி டக்கர்: முதல் ரவுண்டிலேயே கீழிருந்து மேலே வரும் ஓர் அப்பர்கட்டால் டைசனை உலுக்கிவிட்டு 12 ரவுண்டு முழுதும் நின்று புள்ளியில் தோற்றார். ஆக, நகரும் உயரமானவர்களை டைசன் எப்போதும் உடனே முடித்துவிடவில்லை.

ஆனால் அதே பக்கத்தில் டைரல் பிக்ஸையும் எழுதுங்கள். 1984 ஒலிம்பிக் தங்கம், 6 அடி 5 அங்குலம், நன்றாக நகர்பவர், நல்ல ஜாப். 1987 அக்டோபரில் டைசன் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து 7-வதில் முடித்தார். அலி ரசிகர்கள் பிக்ஸை விட்டுவிடுவார்கள், டைசன் ரசிகர்கள் டில்லிஸை விட்டுவிடுவார்கள். இரண்டையும் எழுதாதவரை அந்தப் பக்கம் முடியவில்லை.

ஒதுக்கிவைத்த டக்ளஸ் சண்டையை இப்போது எடுங்கள். அது 1988 டைசன் அல்ல, அதனால் முடிவு நமக்குப் பயன்படாது. ஆனால் எப்படிச் செய்தார் என்பது பயன்படும்: நீண்ட ஜாப், அதன் பின்னாலேயே வலக்கை, டைசன் உள்ளே வந்ததும் கட்டிப்பிடித்தல், 8-வது ரவுண்டில் விழுந்தும் நெஞ்சு குலையாமல் எழுந்தது. இந்த நான்கில் எத்தனை 1966 அலியிடம் இருந்தது? எனக்குத் தெரிந்தவரை நான்கும்.

வலப்பக்கம், அலிக்கு எதிராக டைசன் சாயல் ஆட்கள். எல்லோரும் ஃப்ரேஸியரை எழுதுவார்கள். குட்டை, அழுத்திக்கொண்டே முன்னேறுபவர், கொடிய லெஃப்ட் ஹூக். சரி. ஆனால் ஃப்ரேஸியர் சூடாகச் சில ரவுண்டு பிடிக்கும், டைசன் முதல் மணியிலேயே சூடு. ஃப்ரேஸியர் இடக்கையை நம்பியவர், டைசனுக்கு இரு கையும் ஒரே பலம். மேலும் 1971 அலி மூன்றரை வருட இடைவெளிக்குப் பின் வந்தவர். ஆகவே இந்தச் சாயல் இரண்டு பக்கமும் கொஞ்சம் சாய்ந்தது.

பலரும் மறந்துபோகும் ஒருவர் ஃபிளாய்ட் பேட்டர்ஸன். டைசனை வளர்த்த அதே கஸ் டமாட்டோதான் பேட்டர்ஸனையும் வளர்த்தார். அதே பீக்கபூ பாணி, இரு கையும் கன்னத்தை ஒட்டி. 1965 நவம்பரில் அலி அவரை 12-வது ரவுண்டுவரை இழுத்துத் தோற்கடித்தார். முதலில் பார்த்தபோது புதையல் கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு. பிறகு கவனித்தால், பேட்டர்ஸனுக்கு அன்று முதுகு பிடித்துக்கொண்டிருந்தது, எடையும் டைசனைவிட வெகு குறைவு. சான்று உண்டு, ஆனால் அதன் பலம் குறைவு என்று குறித்துக்கொண்டேன்.

வலப்பக்கத்தைக் கூட்டிப் பார்த்தால் உண்மை இதுதான்: உச்ச அலி, முழு உடல்நிலையில் இருந்த ஒரு முதல்தர அழுத்தும் வீரரைச் சந்திக்கவே இல்லை. இதை அலி ரசிகனாகவே எழுதுகிறேன்.

இந்தப் படியில் வரும் பெரிய பிழை, ஏணி வைத்து ஏறுவது. "இவரை அவர் அடித்தார், அவரை இன்னொருவர் அடித்தார், ஆகவே..." என்ற கணக்கு. 1971-ல் ஃப்ரேஸியர் அலியை வென்றார். 1973-ல் கிங்ஸ்டனில் ஃபோர்மன் ஃப்ரேஸியரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார். 1974-ல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மனை 8-வதில் படுக்கவைத்தார். மூன்று பேரும் வட்டமாக ஒருவரை ஒருவர் அடித்திருக்கிறார்கள். நார்ட்டனையும் சேர்த்தால் இன்னும் சிக்கல்: 1973-ல் அலியின் தாடையை உடைத்து வென்றவர், அடுத்த வருடம் ஃபோர்மனிடம் இரண்டு ரவுண்டுகூடத் தாங்கவில்லை. பாணிக்குப் பாணி மாறும், ஏணி நிற்காது.

7. சண்டையை ரவுண்டு ரவுண்டாக எழுதுங்கள்

இப்போதுதான் கற்பனைக்கு வேலை. அதையும் துண்டு துண்டாக: தொடக்கம், நடு, இறுதி. ஒவ்வொரு துண்டிலும், இவர் என்ன செய்ய விரும்புவார், அதைத் தடுக்க மற்றவரிடம் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி போதும்.

எங்கள் சண்டையில், முதல் நான்கு ரவுண்டு டைசனுடையது. அவர் ஜாபுக்கு அடியில் புகுந்து, அலியின் விலாவை அடித்து, பின்னால் இழுக்கும் தலையைத் துரத்தி ஹூக் போடுவார். அலி ஒருமுறையாவது தள்ளாடுவார் என்றே நினைக்கிறேன். ஐந்திலிருந்து எட்டுவரைதான் சண்டையின் முடிச்சு. அதற்குள் டைசன் முடிக்கவில்லை என்றால், ஒன்றொன்றாகப் போடும் குத்துக்கு மாறுவார். டக்கர் சண்டையில் அது தெரியும். ஒன்பதுக்கு மேல் அலியின் காலும் ஜாபும் பேசும். ஆனால் 1986-ல் ரிபால்டாவை டைசன் 10-வது ரவுண்டில் முடித்ததை மறக்க வேண்டாம். "டைசனுக்கு ஆறு ரவுண்டுதான் மூச்சு" என்பது சும்மா பரவிய பேச்சு.

எழுதும்போது எங்காவது "எப்படியோ சமாளிப்பார்" என்று எழுதத் தோன்றினால் நிறுத்துங்கள். அந்த "எப்படியோ" இருக்கும் இடத்தில்தான் உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. 6-ம் படிக்குத் திரும்பிப் போய் இன்னொரு சாயல் ஆளைத் தேடுங்கள்.

8. பக்கம் மாறி உட்காருங்கள்

நோட்டை எதிர்த்தரப்பு ஆளிடம் கொடுங்கள். அவர் உங்கள் கட்சிக்காகப் பத்து நிமிடம் பேச வேண்டும், நீங்கள் அவர் கட்சிக்காக. ஆரம்பத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். வற்புறுத்துங்கள். கூப்பரின் ஹூக்கைப் பற்றி நானே எழுந்து நின்று பேசிய அன்றுதான், அலியின் தொங்கும் கை எவ்வளவு பெரிய ஆபத்து என்பது எனக்கே உறைத்தது.

தோல்வியே இல்லாத ரெக்கார்டை ஆயுதமாகத் தூக்குகிறவருக்கு இந்தப் படி மிகவும் நல்லது. மார்சியானோவின் 49–0-வை எதிர்த்துப் பேசச் சொன்னால், அவர் அடித்தபோது ஜோ லூயிஸுக்கு 37 வயது, வால்காட்டுக்கு 38 வயது என்று தானே தேடிக் கண்டுபிடிப்பார். டெம்ப்ஸி பக்கம் பேசுகிறவர், அவர் கறுப்பின வீரர் ஹாரி வில்ஸோடு மோதவே இல்லை என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். கறுப்பின வீரர்களுக்குப் பட்டச் சண்டை மறுக்கப்பட்ட காலம் அது. அந்தக் காலத்து வெற்றிப் பட்டியல்களில் இல்லாத பெயர்களையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

9. பத்துச் சண்டை என்று வைத்துச் சொல்லுங்கள்

"அலிதான்" என்று சொல்லாதீர்கள். "பத்து முறை மோதினால் அலிக்கு இத்தனை, டைசனுக்கு இத்தனை" என்று சொல்லுங்கள். ஹெவிவெயிட்டில் ஒரே குத்து எல்லாவற்றையும் மாற்றிவிடும். 2001-ல் ரஹ்மானின் ஒரு வலக்கை லென்னாக்ஸ் லூயிஸைப் படுக்கவைத்தது, அதே வருடம் லூயிஸ் அவரைத் திருப்பிப் படுக்கவைத்தார். ஒரு இரவை வைத்து முடிவு சொல்ல முடியாத எடைப் பிரிவு இது.

எண்ணோடு ஒரு நிபந்தனையையும் எழுதுங்கள்: எது மாறினால் என் எண் மாறும்? என்னுடையது இது. நாம் எழுதிய விதிகளில் அலிக்கு ஆறு, டைசனுக்கு நான்கு. டைசனின் நான்கில் மூன்று, ஐந்தாவது ரவுண்டுக்குள் முடியும். 15 ரவுண்டு என்றால் அலிக்கு ஏழு. வளையம் 16 அடிக்குச் சுருங்கி, ரெஃபரி முதல் கட்டிப்பிடிப்பிலேயே புள்ளி வெட்டுபவர் என்றால் டைசனுக்கு ஆறு.

கணினி பதில் சொல்லிவிடும் என்று நம்பாதீர்கள். 1967-ல் அமெரிக்காவில் ஒரு வானொலிப் போட்டிக்காகப் பழைய சாம்பியன்களைக் கணினியில் மோதவிட்டார்கள். அதில் அலி ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக வந்தது, அலி வழக்கே போட்டார். பிறகு அலியையும் மார்சியானோவையும் நேரில் நடிக்கவைத்துப் படம்பிடித்து, 1970 ஜனவரியில் திரையரங்குகளில் காட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ 13-வது ரவுண்டில் ஜெயித்தார். ஐரோப்பாவில் காட்டிய பதிப்பில் அலி ஜெயித்தார். பல முடிவுகளை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள். எந்தக் குணத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஊட்டுவது மனிதன்தான். அந்த மதிப்பெண்ணைத்தான் நாம் ஒன்று முதல் எட்டுவரை உட்கார்ந்து தேடினோம்.

10. பழக எந்த ஜோடிகளை எடுக்கலாம்

முதல் முறை செய்கிறவர்கள் அலி–டைசனை எடுக்க வேண்டாம். பாசம் அதிகம், கை நடுங்கும். லாரி ஹோம்ஸ், ஜூன் 1982, ஜெர்ரி கூனியை 13-வதில் முடித்தவர். எதிரே விளாடிமிர் கிளிச்கோ. இருவருமே ஜாபை நம்பியவர்கள், வீடியோ தெளிவாகக் கிடைக்கும், கூட்டத்தில் யாருக்கும் வெறி ஏறாது. முழு வேலைக்கு இரண்டு மாலை போதும்.

அடுத்து ஜோ லூயிஸ், ஜூன் 1938. எதிரே உசிக், மே 2024. எடை வித்தியாசம் சுமார் 25 பவுண்டு, அதைத் தாண்டி இடக்கை ஆட்டக்காரர் என்ற பிரச்சினை. லூயிஸ் சந்தித்த இடக்கை ஆட்டக்காரர்களைத் தேடப் போனால் 6-ம் படியில் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், பரவாயில்லை.

மூன்றாவதாக ஃபோர்மன். ஜனவரி 1973 ஃபோர்மனை வைத்து ஒரு தடவை, பிறகு நவம்பர் 1994-ல் 45 வயதில் மூரரை 10-வது ரவுண்டில் முடித்த ஃபோர்மனை வைத்து இன்னொரு தடவை, இரண்டையும் லென்னாக்ஸ் லூயிஸோடு மோதவிடுங்கள். நோட்டின் முதல் வரியில் தேதியை எழுத மறக்காதீர்கள்.